டிக்கெட் எடுக்காமல் ஏறிய செடி

“கேரட் இல்லீங்க இது. பாக்கிறவங்க எல்லாம் கேரட்டுன்னுதான் நினைக்கிறாங்க. இலையப் பாருங்க, சீப்பு வச்சு சீவி விட்ட மாதிரி இருக்கா? அதுல மயங்கிடக் கூடாது. பிடுங்கிப் பாத்தா கீழ கேரட்டும் இருக்காது, ஒரு மண்ணும் இருக்காது.”

மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் கேரட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீட்டர் எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நிற்க வேண்டியதாகிவிட்டது. கண்டக்டர் அவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பழைய பல் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு, அவருடைய செருப்பின் அடியில் இருக்கும் கோடுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“பேரு பார்த்தீனியம். பேரக் கேட்டா ஏதோ பெரிய இடத்துப் பிள்ளைன்னு தோணும். பண்றது பூரா பிக்பாக்கெட் வேலை. ம், அடுத்த கால்.”

மீட்டர்காரர் காலை மாற்றினார். செருப்பு முடிந்ததும் பேண்ட்டின் கீழ் மடிப்பு. மடிப்பைப் பிரித்து உள்ளே விரலை விட்டு ஒரு சுற்று. அப்புறம் பாதத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர். எல்லாம் முடிந்து அவர் நகரப் போகிற நேரத்தில் கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“ஒரு நிமிஷம். இது என் பேத்தி. மூக்கப் பாருங்க.”

மீட்டர்காரர் மூக்கைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் மீட்டரைப் பார்க்க விட்டார்.

அந்த கேட்டில் வந்து நிற்கிற எல்லாருக்கும் இதே உபசாரம்தான். காஸ் கொண்டு வருகிறவருக்குக் கால் கழுவுவதோடு விடாது, சிலிண்டருக்கும் குளியல் உண்டு. “அது எந்தெந்த வாசல்ல உருண்டுட்டு வந்துச்சோ, யாரு கண்டது?” பக்கத்து நிலத்துப் பால்காரரின் கன்றுக்குட்டி ஒரு தடவை வேலியைத் தாண்டி வந்து, நாலு குளம்பும் கழுவப்பட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பிள்ளை மாதிரி பளபளவென்று வீடு திரும்பியது. அன்றிலிருந்து அது வேலிப்பக்கம் தலை வைப்பதில்லை.

வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் டவுன் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகிவிட்டது. உடம்புதான் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. அசையாத மண்ணில் நிற்கும்போதும் காலை அகட்டி வைத்து, எதன் மேலோ சாய்ந்த மாதிரி இடுப்பை ஒரு பக்கம் ஒடித்துத்தான் நிற்பார். கோழிகளைக் கூண்டில் அடைக்கும்போது, “உள்ள தள்ளிப் போ, உள்ள எடம் இருக்கு” என்பார். விருந்தாளி யாராவது வாசற்படியில் நின்று பேசினால் அவருக்குப் பொறுக்காது. “படியில நிக்காதீங்க. ஒண்ணு உள்ள வாங்க, இல்ல இறங்கிடுங்க.” விருந்தாளி இறங்கிப் போனதும் உண்டு.

கையில் வந்த பணத்துக்கு டவுனில் ஒரு ஃபிளாட் வாங்கச் சொன்னார்கள் எல்லாரும். அவர் ஊருக்கு வெளியே நாலைந்து ஏக்கர் மேட்டு நிலத்தை, நடுவில் ஒரு சின்ன மாடி வீட்டோடு வாங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, “வாழ்க்கை பூரா ஆளுங்க இடிச்சு இடிச்சே தோள்பட்டை தேஞ்சு போச்சு. இனிமே என்னை ஒருத்தரும் இடிக்கக் கூடாது” என்றார். வாங்கினது கோடையில். அப்போது நிலம் காலியாகத்தான் கிடந்தது. முதல் மழை பெய்தது. மறு மாதம் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் வேலியிலிருந்து வேலி வரைக்கும் இடுப்பளவு செடி, அதன் தலையில் எல்லாம் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ.

கண்டக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், “சீட்டு மட்டும் இல்லடி, ஸ்டாண்டிங்கும் ஃபுல்லு” என்றார் மனைவியிடம்.

ரோடு போடுவதற்கு மண் அடித்த லாரியில் அது வந்ததாகப் பால்காரர் சொன்னார். எங்கிருந்து வந்தால் என்ன? டிக்கெட் எடுக்கவில்லை என்பது மட்டும் கண்டக்டருக்கு நிச்சயம். அன்றைக்கே இறங்கிவிட்டார் வேலையில்.

அந்தச் செடியை வெறும் கையால் தொட்டால் அரிக்கும். அதனால் முழுக்கைச் சட்டை, கை உறை, மூக்கையும் வாயையும் மூடி ஒரு துண்டு, தலையில் தொப்பி. அந்தக் கோலத்தில் அவரைக் காலையில் பார்த்த பால்காரரின் மாடு ஒன்று அன்று பால் தரவில்லை. நிலம் ஈரமாக இருந்தால் ஆணிவேரோடு பிடுங்குவார். காய்ந்து கிடந்தால் சின்னக் கடப்பாரையை வைத்து நெம்புவார். மேலே மட்டும் வெட்டி விட்டால் அடியிலிருந்து நாலாகக் கிளைத்து வரும். அது அவருக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். பிடுங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு செடியிடமும் இரண்டு வார்த்தை பேசுவார்.

“எங்க ஏறின? ம்? எங்க போகணும்? வாயத் திறக்க மாட்டியே. கேட்டா மட்டும் தலைய ஆட்டு. இறங்கு, இறங்கு.”

பூத்து நிற்கிற செடிக்குத் தனிச் சட்டம். முதலில் பூங்கொத்தைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொள்வார். அப்புறம்தான் செடியைப் பிடுங்கி வேலியில் வேர் மேலே பார்க்கத் தொங்க விடுவார். பையில் சேர்ந்த பூவையெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய இரும்பு டிரம்மில் கொட்டி, மூடி போட்டு, வெயிலில் அவிய விடுவார். டிரம்முக்கு டிப்போ என்று பெயர்.

“அண்ணே, இதுக்குன்னு இவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போகணுமா? பிடுங்கின எடத்துலயே ஒரு குழிய வெட்டிப் பொதைச்சிடலாமே” என்று பால்காரர் கேட்டுப் பார்த்தார்.

“அது எப்படி தம்பி? டிக்கெட் இல்லாதவனை நடுவழியில இறக்கி விட்டா என்ன பண்ணுவான்? அடுத்த வண்டியில ஏறுவான். டிப்போவுக்குக் கொண்டு போய் ஒப்படைக்கணும். அதான் முறை.”

பூ போடும் பை எது என்றால், அவர் வேலையில் இருந்தபோது தோளில் மாட்டியிருந்த அதே தோல் பை. அதன் ஒரு மூலை, சில்லறை உராய்ந்து உராய்ந்து, தையல் நைந்து, ஒரு கண் திறந்த மாதிரி இருந்தது. மனைவி வீட்டில் தையல் மிஷின் வைத்து அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுப்பவர். ஓட்டை என்ற ஒன்றைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது.

“குடுங்க, ரெண்டு தையல் போட்டுத் தரேன்.”

“எதுக்கு? சர்வீஸ் பூரா இதுலேருந்து ஒரு சில்லறை கீழ விழுந்ததில்ல.” இருக்கிறதிலேயே சின்னக் காசு ஒன்றைப் பைக்குள் போட்டு, தலைகீழாகப் பிடித்து உலுக்கிக் காட்டினார். காசு விழவில்லை. “பாத்தியா? சில்லறையே விழல, வேற என்ன விழப் போகுது?”

காசு விழாத பை நல்ல பை. அதற்கு மேல் அவரிடம் பேச்சு இல்லை.

முதல் இரண்டு வருஷம் இதெல்லாம் ஒரு வீம்பாகத்தான் இருந்தது. பேத்தி பிறந்த பிறகுதான் கதையே வேறாகியது.

அவருக்கு ஒரே மகள். டவுனில் மூன்றாவது மாடியில் குடித்தனம். கல்யாணம் ஆன புதிதில் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு மகள் இங்கே வந்தாள். நல்ல பூக்காலம். வந்து இறங்கி ஒரு டீ குடிப்பதற்குள் மாப்பிள்ளைக்குக் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டது. மூச்சு இழுத்தது. கண்டக்டர் அதை இன்றும் அவர் பாணியில்தான் சொல்லுவார்: “மாப்பிள்ளை நெஞ்சுக்குள்ள ரெண்டு விசில் கேட்டுச்சு. ரெண்டு விசில்னா என்ன அர்த்தம்? வண்டிய எடுன்னு அர்த்தம். எடுத்துட்டோம், நேரா ஆஸ்பத்திரி.” சொல்லும்போது சிரிப்பார். அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தவர் மனைவி ஒருத்திதான்.

குழந்தை பிறந்ததும் மகள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

“அப்பா, இவருக்கு இருக்கிற இழுப்பு பாப்பாவுக்கும் இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. அந்தப் பூ ஒழிஞ்சாத்தான் நாங்க அங்க வருவோம். நீங்க வேணும்னா இங்க வந்து பாத்துட்டுப் போங்க.”

போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். அங்கே குழந்தையைத் தூக்குவதற்கு ஒரு வரிசையே நின்றது. மாப்பிள்ளையின் அம்மா, அத்தை, மாடி வீட்டு அம்மா. வாழ்க்கையெல்லாம் வரிசையில் நிற்கிறவர்களை விரட்டினவர், தன் முறைக்காகச் சுவர் ஓரமாகக் காத்திருந்தார். கையில் கிடைத்ததும் குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. பிரித்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பொத்தான் போன அந்தச் சட்டையை மனைவி தைக்கக் கேட்டபோது தரவில்லை. “பாப்பா பிச்சது. அப்படியே இருக்கட்டும்.”

வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் நிழலில் பாய் விரித்தால் காற்று அள்ளிக்கொண்டு வரும். பேத்தி அங்கேதான் குப்புற விழ வேண்டும், அங்கேதான் தவழ வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். முடிவு செய்து என்ன? மரத்தைச் சுற்றி நின்றது பூராவும் அந்தப் பூ.

அந்தக் கோடையில் கண்டக்டர் ஒரு ஆளாக இல்லை, பத்து ஆளாக வேலை செய்தார். விடிந்தால் பையை மாட்டுவார். வீட்டைச் சுற்றி, கிணற்றைச் சுற்றி, மரத்தைச் சுற்றி, அங்கிருந்து கடைசி வேலி வரைக்கும். முகம் கறுத்து, முழங்கால் தோல் உரிந்து, ஆள் பாதியாகிவிட்டார். அந்த உழைப்புக்கு வீட்டில் அவருக்குக் கிடைத்தது சர்க்கரை இல்லாத டீ. டாக்டர் அவருக்குச் சர்க்கரையைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். மனைவி அதை அப்படியே கடைப்பிடித்தார். அந்த டீயைக் கண்டக்டர் மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி கண்ணை மூடிக் குடிப்பார்.

“பாவம், ஒரு நாளாவது முகம் சுளிச்சிருப்பாரா? நல்ல மனுஷன்” என்று மனைவி தைக்க வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லுவார்.

கோடை முடிகிற சமயம், நிலத்தில் ஒரு வெள்ளைப் பூ இல்லை. கண்டக்டர் மகளுக்குப் போன் போட்டு, “லைன் க்ளியர்” என்றார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. எப்படியோ மன்றாடி நாலு நாள் வாங்கியிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. கண்டக்டர் வேப்பமரத்தடியைப் பெருக்கினார். பெருக்கினதையே மறுபடி பெருக்கினார். அந்த வாரம்தான் மழை பிடித்துக்கொண்டது.

மழை விட்ட அன்று காலை, மனைவி துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனார். ஒரு சேலையை உதறிக் கொடியில் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னங்க! கொஞ்சம் மேல வாங்க.”

“என்ன, கொடி அறுந்துடுச்சா?”

“வாங்கன்னா.”

கண்டக்டர் ஏறிப் போனார். மேலிருந்து பார்த்தால் நிலம் முழுவதும் விரித்து வைத்த துணி மாதிரி தெரிந்தது. செம்மண் துணி. அதன் மேல் யாரோ பச்சை நூலால் ஒரு தையல் போட்டிருந்தார்கள். கடைசி வேலியில் தொடங்கி, கிணற்றை ஒட்டி வளைந்து, வேப்பமரத்தடி வழியாக வீட்டுப் பின்வாசலுக்கு வந்து, இரும்பு டிரம்மில் முடிந்தது அந்தத் தையல். பொடிப்பொடியான செடி. சீப்பு வைத்துச் சீவி விட்ட மாதிரி இலை.

“இது நீங்க நடக்கிற வழியில்ல?” என்றார் மனைவி.

கண்டக்டரின் கை தானாகப் போய்ப் பையின் மூலையைத் தடவியது. சில்லறை விழாத ஓட்டைதான். ஆனால் அந்தப் பூவின் விதை மிளகாய் விதையில் பாதிகூட இருக்காது. கோடை முழுவதும் அவர் ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டே, மறுபக்கம் நடக்கிற வழியெல்லாம் விதைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நடந்து நடந்து புல் தேய்ந்த வெறும் மண் வேறு. விதைக்கு அதைவிட நல்ல மெத்தை கிடையாது. அடுத்தவன் செருப்புக் கோட்டைப் பல் பிரஷ்ஷால் தேய்த்தவர்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மனைவியின் கண் தையல்காரியின் கண். நேராக வந்த கோட்டில் ஒரு கோணல் இருந்தது அவருக்குப் பட்டுவிட்டது.

“சரி, வேலியிலேருந்து வீட்டுக்கு நேரா வர்ற வழி இது. நடுவுல ஒரு கிளை பிரிஞ்சு பால்காரர் கொட்டகைக்குப் போகுதே, அது எந்த ரூட்டு?”

“அது… சும்மா அந்தப் பக்கமா ஒரு நாள்…”

“ஒரு நாள் போனதுக்கா இவ்வளவு நெருக்கமா மொளைச்சிருக்கு? கொட்டகை வாசல்ல பாருங்க, ஒரு கூடை கவுத்து வச்ச மாதிரி மண்டிக் கெடக்கு. பையக் கீழ வச்சிட்டு நல்லா சாவகாசமா உக்காந்தாத்தான் அப்படி மொளைக்கும்.”

கண்டக்டருக்கு மொட்டை மாடியில் ஒளிய இடம் கிடைக்கவில்லை. நேரம் பார்த்துப் பால்காரர் கீழே வேலியோரம் வந்து நின்றார். நல்ல மனிதர். சூது வாது தெரியாது.

“தம்பி!” என்று மனைவி மேலிருந்தே கூப்பிட்டார். “அண்ணன் உங்க கொட்டகைக்கு தினமும் வருவாரா?”

“ஆமாங்க அண்ணி! அண்ணன் வராம எனக்குப் பொழுதே போகாது. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

“என்ன ஒண்ணு?”

“டீதான் அண்ணி. கெட்டிப் பாலு. மூணு ஸ்பூன் சர்க்கரை. அண்ணனுக்கு ஸ்பூன் நிக்கணும் டம்ளர்ல.”

கண்டக்டர் மேலிருந்து கையை ஆட்டினார். நிறுத்து என்று அர்த்தம். அவர் கை ஆட்டி எந்த வண்டியும் நிற்காமல் போனதில்லை, பால்காரரைத் தவிர. அவர் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு, “இன்னைக்கு பிஸ்கட்டும் வாங்கி வச்சிருக்கேண்ணே!” என்றார்.

மனைவி மீதித் துணியை உலர்த்தினார். ஒவ்வொரு துணியையும் தேவைக்கு மேலேயே உதறினார். “தைக்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொன்னேன், நல்ல மனுஷன், முகம் சுளிக்காம குடிக்கிறாருன்னு. ஏன் சுளிக்கப் போறீங்க? அதான் ரெண்டு வேளையும் வெளிய முடிஞ்சிடுதே.”

சர்க்கரை வழக்கு அப்புறம் தனியாக நடந்தது. அதில் அவர் தோற்றார். அது இருக்கட்டும். கீழே இறங்கி வந்ததும் கண்டக்டர் போனைக் கையில் எடுத்தார். மனைவிக்குப் புரிந்துவிட்டது. வழியை மறித்து நின்றார்.

“எதுக்கு இப்ப போன்? ரெண்டு இலைதான விட்டிருக்கு, பூவா வந்திருக்கு? இன்னைக்கும் நாளைக்கும் உக்காந்து பிடுங்கினா தீந்துச்சு. வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க. இந்த லீவு போனா அடுத்த லீவு எப்பன்னு மாப்பிள்ளைக்கே தெரியாது. பாப்பா நடக்கிற வயசு வந்துடும்.”

அவருக்கும் அந்தக் கணக்குத் தெரியும். போனில் இருந்த குழந்தையின் படத்தைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். வேப்பமரத்தடியைப் பார்த்தார். அங்கே பாய் விரிக்க இருந்த இடத்தின் நடுவில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

“செக்கிங் வரலைங்கிறதுக்காக டிக்கெட் கிழிக்காம இருக்க முடியுமாடி?” என்றார். பட்டனை அமுக்கிவிட்டார்.

“அம்மாடி, இந்த வாரம் வர வேண்டாம்.”

“ஏம்ப்பா? லைன் க்ளியர்னு சொன்னீங்களே? இவரு லீவு எல்லாம் வாங்கிட்டாரே!”

“க்ளியராத்தான் இருந்துச்சு. ஒருத்தன் மறுபடியும் வெதைச்சுட்டான். பாய் விரிக்கிற எடம் வரைக்கும்.”

“யாருப்பா அந்தப் படுபாவி? பால்காரரா?”

விசாரிக்க வந்து வாசலில் ஒற்றைக் காலில் நின்றிருந்த பால்காரர் இரண்டு கையையும் தூக்கினார். தூக்கியதில் நிலை தடுமாறி வாளித் தண்ணீரில் காலை விட்டார்.

“இல்லம்மா,” என்றார் கண்டக்டர். “நான்தான்.”

மகள் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். கண்டக்டர் தோளிலிருந்து பையைக் கழற்றித் தையல் மிஷின் மேல் வைத்தார். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டபோது அவர் மரத்தடியில் மண்டியிட்டிருந்தார்.

அந்தக் கோட்டைப் பிடுங்கப் பால்காரரோடு சேர்த்து மூன்று பேரும் இறங்கினார்கள். மனைவி தையல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நூல் பிரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வேர் அறாமல் எடுத்தார். கண்டக்டர் செடிகளிடம் பேசவில்லை. எங்கே ஏறினாய் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஏற்றிக்கொண்டு வந்தவரே அவர்தானே.

பேச்சுக் குறைந்துபோனதைப் பார்த்துப் பால்காரருக்கு மனது கேட்கவில்லை. “அண்ணே, இத பிடுங்கி மட்டும் முடியாது. வெறும் மண்ண விட்டா விட்ட எடத்துல மொளைக்கும். நல்ல புல்லு வெதைய நான் தரேன். புல்லு நெருக்கமா மூடிட்டா இதுக்கு நிக்க எடம் கெடைக்காது.”

கண்டக்டர் நிமிர்ந்தார். மாடியிலிருந்து இறங்கியதற்கப்புறம் முதல் தடவையாக முகத்தில் ஒரு வெளிச்சம்.

“அதாவது சீட்டெல்லாம் ஃபுல்லா இருந்தா இவன் எப்படி ஏறுவான்?”

“அதேதாண்ணே.”

புல் விதை தெளித்தார்கள். முளைத்தது. அதன் மேல் கண்டக்டருக்கு வந்த பாசம் கொஞ்சநஞ்சமல்ல. சுற்றிக் கயிறு கட்டினார். கோழி உள்ளே வந்தால் விரட்டினார். மனைவி சேலை நுனி பட்டாலும், “பாத்து, பாத்து, மிதிக்காத! ஒரு புல்லு போனா ஒரு செடிக்கு எடம்” என்று கத்தினார். இடையில் அங்கங்கே பழைய ஆள் தலை நீட்டினால் இலை விரிவதற்குள் எடுத்துவிட்டார். மகள் இரண்டு நாளைக்கு ஒரு தடவை பேசினாள். குழந்தை குப்புற விழுந்துவிட்டது என்று ஒரு நாள் சொன்னாள். மூன்றாவது மாடியில், சமையலறைத் தரையில். கண்டக்டர், “அப்படியா, நல்லது நல்லது” என்று சொல்லிவிட்டுப் போய்ப் புல்லுக்குத் தண்ணீர் விட்டார்.

நேற்று மத்தியானம் கேட் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மாஸ்க் போட்டுக்கொண்டு இறங்கினார். கையில் ஒரு மருந்துப் பெட்டி.

“லீவு எப்படிக் கெடைச்சுது மாப்பிள்ளை?”

“இழுப்பு அதிகமா இருக்குன்னு சொல்லித்தான் மாமா லீவு போட்டேன்.”

இழுப்பு என்று லீவு போட்டுவிட்டு, இழுப்பு வரவழைக்கும் இடத்துக்கே வந்து நின்ற அந்த மனிதரைக் கண்டக்டர் கட்டிக்கொள்ளப் போய், சட்டென்று நிறுத்திக்கொண்டார். தன் சட்டையைப் பார்த்தார். “இருங்க, இருங்க” என்று குளியலறைக்குள் ஓடினார். வெகு நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. புதுச் சட்டை, புது வேட்டியோடு வெளியே வந்தபோது ஆள் சுவருக்கு வெள்ளை அடித்த மாதிரி இருந்தார். குழந்தையை வாங்கினார். வரிசையில் இந்தத் தடவை அவருக்கு முன்னால் யாரும் இல்லை.

மாப்பிள்ளை மாஸ்க்கை இறக்கிவிட்டுக் குழந்தையின் தொப்பியைச் சரி செய்யக் குனிந்தார். தும்மினார். மறுபடி தும்மினார். மூன்றாவதும் வந்தது.

கண்டக்டர் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கியே நடந்தார். வாசலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டில் போய் நின்றார்.

“மாமா, எங்க போறீங்க?”

“தள்ளி நிக்கிறேன் மாப்பிள்ளை. அது எம்மேலதான் ஒட்டிக்கிட்டிருக்கு. நீங்க பாப்பாவ உள்ள கொண்டு போங்க. நான் கொட்டகையில படுத்துக்கிறேன்.”

“மாமா!” மாப்பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டே கத்தினார். “உங்க மேல ஒட்டிக்கிட்டிருக்கிறது பவுடர் மாமா! ஒரு டப்பாவையே கொட்டிட்டு வந்திருக்கீங்க!”

மகள் ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கே போனாள். போனில் அன்று எதுவும் சொல்லாமல் வைத்தவள், இப்போதும் எதுவும் சொல்லவில்லை. அப்பாவின் முகத்தை, காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு எல்லாம், சின்னப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைத்துவிட்டாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். ராத்திரி முழுக்க மாப்பிள்ளையின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டபடி கண்டக்டர் வராந்தாவில் படுத்திருந்தார். விசில் எதுவும் கேட்கவில்லை. குறட்டைதான் கேட்டது.

இன்று காலை வேப்பமரத்தடியில் பாய் விரித்தார்கள். குழந்தையைக் குப்புறப் போட்டதும் தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்தது. வயிற்றால் நகர்ந்தது. பாயின் ஓரத்துக்கு வந்து, கயிற்றுக்கு அடியில் கையை நீட்டி, கண்டக்டரின் புல்லில் ஒரு பிடி பிடித்தது. ஒரே இழுப்பு. மண்ணோடு வந்துவிட்டது. மறு கையையும் நீட்டியது.

“ஐயோ, உங்க தாத்தா புல்லுடி!” என்று மகள் பதறினாள். மனைவி ஓடிவந்து அந்தச் சின்ன விரல்களைப் பிரிக்கப் போனார்.

கண்டக்டர் பாயில் குப்புறப் படுத்து, பேத்தியின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்காமலே ஒரு கையை நீட்டி மனைவியைத் தடுத்தார்.

“விடு, பிடுங்கட்டும். வெதைக்கத்தான் நான் இருக்கேனே. அந்த வேலையில என்னை மிஞ்ச ஆள் உண்டா?”